'பெண்கள் எங்கே வேலைக்குப் போறாங்க?': அரசுப் புள்ளிவிவரத்தை வைத்துப் பதில் சொல்வது எப்படி

புள்ளிக்கோலம்:
கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்புக்காகக் கேட்கிறேன். பெண்களும் வேலையும் பற்றி ஊர் வாயில் புழங்கும் பேச்சுகளை எண்களை வைத்துச் சோதிப்பதுதான் தலைப்பு. எடுத்துக்கொண்ட பேச்சுகள் நான்கு:

"பொம்பளைங்க பாதிப் பேர் வீட்டுல சும்மாதான் இருக்காங்க."
"இப்பல்லாம் ஆம்பளையும் சரிக்குச் சமமா வீட்டு வேலை பாக்குறான்."
"சயின்ஸ், மிஷின் எல்லாம் பொண்ணுங்களுக்கு ஒத்துவராது."
"வேலைக்கு எடுத்தா கல்யாணம், பிரசவம்னு போயிடுவாங்க. லீவும் அதிகம்."

ஒவ்வொன்றுக்கும் எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும், எதிர்க்கேள்வி வந்தால் எந்த இடத்தில் எண் உடையும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். உணர்ச்சி வாசகங்கள் வேண்டாம், அவை நிறையவே கிடைக்கின்றன.

எடைக்கல்:
முதல் பேச்சிலிருந்து தொடங்குவோம். அதற்குத் தேவையான தரவு பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017 ஏப்ரலில் தொடங்கியது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் (வேலை பார்ப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்த பங்கு), வழக்கமான நிலைக் கணக்கில், 2017-18ல் 23.3 சதவீதம், 2023-24ல் 41.7 சதவீதம். அதே 2023-24ல் ஆண்களுக்கு 78.8.

மேடையில் பலரும் சறுக்குவது இங்கேதான். "பெண்களின் பங்கேற்பு எவ்வளவு" என்று கேட்டால் ஒரே ஆண்டுக்கு ஒரே கணக்கெடுப்பிலிருந்து மூன்று, நான்கு விடைகள் வரும், எல்லாமே சரியாகவும் இருக்கும். 2023-24க்கு 41.7 என்பது 15 வயதுக்கு மேல். கைக்குழந்தை முதல் எல்லா வயதையும் வகுக்கும் எண்ணில் சேர்த்தால் அதுவே 31.7. நடப்பு வார நிலையில் எடுத்தால் 41.7ஐ விடக் குறைவாக வரும். வகுப்பில் ஒரு மாணவர் கைப்பேசியில் 31.7ஐக் கண்டுபிடித்துக் காட்டினால் முழு வகுப்பும் கையை விட்டுப் போய்விடும். ஆகவே பலகையில் எண்ணை எழுதும்போதே வயது, நிலை, ஆண்டு மூன்றையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நிலை என்றால்: கணக்கெடுப்புக்கு முந்தைய 365 நாளில் அதிக நேரம் எதில் போனதோ அது முதன்மை நிலை. அதோடு 30 நாளுக்குக் குறையாமல் வேறொரு வேலை செய்திருந்தால் துணை நிலை. இரண்டையும் சேர்த்ததுதான் "வழக்கமான நிலை". நடப்பு வார நிலைக்குக் கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே போதும். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று சீசனுக்கு மட்டும் வேலை பார்க்கும் பெண்கள் முதல் கணக்கில் விழுவார்கள், இரண்டாவதில் பல வாரம் விழமாட்டார்கள்.

ஒருவரி:
23லேருந்து 41. ஏழு வருஷத்துல கிட்டத்தட்ட டபுள். அப்புறம் எதுக்கு ஸ்டீரியோடைப்னு கிளாஸ் எடுக்கணும்?

எடைக்கல்:
ஒருவரி சார், அந்த ஏற்றத்தைப் பிரித்துப் பாருங்கள். கிராமப்புறப் பெண்கள் 24.6லிருந்து 47.6. நகர்ப்புறப் பெண்கள் 20.4லிருந்து 28.0 மட்டும்தான். வேலை பார்க்கும் பெண்களில் சுயதொழில் என்று பதிவானவர்கள் 2017-18ல் 51.9 சதவீதம், 2023-24ல் 67.4 சதவீதம். சுயதொழில் என்றதும் கடை வைத்த முதலாளியம்மா கண்ணுக்குள் வரக்கூடாது. அந்த 67.4ல் பாதிக்கு மேல், அதாவது மொத்தப் பெண் தொழிலாளர்களில் 36.7 சதவீதம், "குடும்பத் தொழிலில் உதவியாளர்". இந்தப் பிரிவுக்கு வரையறையிலேயே சம்பளம் கிடையாது. மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள் 15.9 சதவீதம்தான்.

இதை வைத்து "எல்லாம் பொய்க்கணக்கு" என்று சொல்வதும் தவறு, "பெண்கள் பொங்கி எழுந்துவிட்டார்கள்" என்பதும் தவறு. கேள்வி கேட்கும் முறை மேம்பட்டதால் முன்பு விடுபட்டவர்கள் இப்போது பதிவாகிறார்கள் என்று ஒரு தரப்பு. வீட்டு வருமானம் போதாமல் நிலத்துக்கும் மாட்டுக்கும் திரும்பினார்கள் என்று இன்னொரு தரப்பு. எது எவ்வளவு என்பதை இந்த ஒரு தொடரை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டையும் மாணவர்கள் முன் வையுங்கள்.

மாதிரிக்கூறு:
"சும்மா இருக்காங்க" என்பது எப்படி ஒரு எண்ணாக மாறுகிறது என்று காட்டினால் மாணவர்கள் மனதில் நிற்கும். களத்தில் நடப்பது கிட்டத்தட்ட இப்படித்தான். பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார்.

"வீட்டம்மா என்ன வேலை பாக்குறாங்க?"
"வேலையெல்லாம் இல்லீங்க, வீட்டுலதான்."

கணக்கெடுப்பவர் இத்தோடு நிறுத்தினால் குறியீடு 92, அதாவது வீட்டு வேலை மட்டும்.

"மாடு இருக்குங்களா?"
"ரெண்டு இருக்கு."
"யாரு பாத்துக்குறது?"
"அவதான். காலைல கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வருவா."

இப்போது குறியீடு 21, குடும்பத் தொழிலில் உதவியாளர். பால் பணம் அவர் பெயரில் வந்து, தொழிலை அவரே நடத்தினால் 11, சொந்தக் கணக்கில் வேலை செய்பவர். ஆள் அதே ஆள், மாடும் அதே மாடு. இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டதில் ஒரு பெண் "வேலையில் இல்லாதவர்" பட்டியலிலிருந்து "தொழிலாளர்" பட்டியலுக்கு வந்துவிட்டார்.

இது புதிய பிரச்சினை இல்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "கடந்த ஆண்டு எப்போதாவது வேலை செய்தீர்களா" என்ற கேள்வியோடு, நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலி இல்லாமல் செய்த வேலையும் சேர்த்தி என்ற குறிப்பை அச்சிட்டதே இதற்காகத்தான்.

நூல்கண்டு:
மாதிரிக்கூறு 92 வரை வந்துவிட்டு 93ஐ விட்டுவிட்டார். எனக்கு அந்த மொத்தப் பட்டியலிலேயே முக்கியமான வரி அதுதான். 93 என்பது வீட்டு வேலையோடு கூட விறகு, கீரை, கிழங்கு, மாட்டுத்தீவனம் சேகரித்தல், வீட்டுக்குத் தைத்தல், நெய்தல் போன்றவை செய்பவர். இவர்களும் தொழிலாளர் பங்கேற்புக்கு வெளியேதான். ஐக்கிய நாடுகள் முறையிலான தேசியக் கணக்கில் விறகு சேகரிப்பு உற்பத்தி எல்லைக்குள் வரும். நம் வேலைவாய்ப்புக் கணக்கில் அதே விறகு வெளியே நிற்கும். சொந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் விளைவித்தால் அது பொருளாதார வேலை. அந்த நெல்லை வேகவைக்கச் சுள்ளி பொறுக்கினால் இல்லை.

ஆகவே "பாதிப் பேர் சும்மா" என்பதற்கு நேர்ப் பதில்: அந்தப் பாதிக்குள் 91 என்ற மாணவிகள் இருக்கிறார்கள், 94ல் ஓய்வூதியம் வாங்குபவர்கள், 95ல் உடல் முடியாதவர்கள், பிறகு 92, 93. "சும்மா" என்று ஒரு குறியீடே கிடையாது. 97, "மற்றவை" என்று ஒன்று உண்டு, அதில் யாரைப் போட்டார்கள் என்பது வேறு கதை.

ஒருவரி:
சரி, வீட்டு வேலையும் வேலைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஆம்பளைங்களும் இப்ப செய்யறாங்களே. மூணுக்கு ஒண்ணுன்னு எங்கயோ படிச்சேன்.

நூல்கண்டு:
மூன்றுக்கு ஒன்று என்ற அந்த எண் தப்பில்லை, அது வேறொரு கேள்விக்கான பதில். இதற்கு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். நாடு முழுவதற்குமாக முதல் முறை 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை, அடுத்தது 2024ல். 2019 எண்கள், 6 வயதுக்கு மேற்பட்டோர்:

வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்டவர்கள்: பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களின் சராசரி: பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம்.

299ஐ 97ஆல் வகுத்தால் மூன்று. செய்தியில் வருவதும் இதுதான். ஆனால் இந்த 97 நிமிடம் வீட்டு வேலை செய்த ஆணுக்கான சராசரி. செய்யாத முக்கால்வாசி ஆண்கள் கணக்கிலேயே இல்லை. எல்லாரையும் சேர்த்துச் சராசரி வேண்டுமென்றால் பங்கேற்பு விகிதத்தால் பெருக்குங்கள்.

பெண்: 299 × 0.812 = சுமார் 243 நிமிடம்.
ஆண்: 97 × 0.261 = சுமார் 25 நிமிடம்.

இப்போது விகிதம் ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. "சரிக்குச் சமமா" என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடும். மாணவர்களையே கால்குலேட்டரில் போடச் சொல்லுங்கள்.

அதே முறையில் இன்னும் இரண்டு பெருக்கல். குழந்தை, முதியோர் பராமரிப்பு: பெண் 134 × 0.276 = 37, ஆண் 76 × 0.14 = 11. வேலைவாய்ப்பும் அது சார்ந்தவையும்: பெண் 333 × 0.184 = 61, ஆண் 459 × 0.573 = 263. மூன்றையும் கூட்டினால் பெண் 341 நிமிடம், ஆண் 299 நிமிடம். சம்பளம் உள்ளதும் இல்லாததும் சேர்த்தால் ஒரு நாளில் பெண்ணின் உழைப்பு சுமார் 40 நிமிடம் கூடுதல். வீட்டுப் பயன்பாட்டுக்கான உற்பத்தியை, அதாவது விறகு, தண்ணீர், தீவனத்தை, இதில் நான் சேர்க்கவே இல்லை.

மாதிரிக்கூறு:
நல்ல பெருக்கல். ஆனால் எதிர்க்கேள்வி வரும் இடங்களையும் சொல்லிவிடுங்கள். குழந்தைப் பராமரிப்பு 37 நிமிடம்தானா என்று ஒரு தாய் கேட்டால் பதில் என்ன?

நூல்கண்டு:
பதில் படிவத்தின் அமைப்பில் இருக்கிறது. முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரை மணி நேரக் கட்டங்களாகக் கேட்பார்கள். ஒரு கட்டத்துக்குள் 10 நிமிடமாவது நீடித்த வேலைகளில் மூன்று வரை குறிக்கலாம். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு குழம்பைக் கிண்டும் அரை மணி நேரத்தில் முதன்மை வேலை சமையல். பிள்ளை பார்த்தது இரண்டாம் இடத்துக்குப் போகும், சொல்லாமல் விட்டால் அதுவும் இல்லை. "பிள்ளை தூங்குது, ஆனா நான் வெளிய போக முடியாது" என்ற நேரத்துக்குக் கட்டமே இல்லை. ஆகவே பராமரிப்பு நேரம் குறைவாகத்தான் பதிவாகும். அட்டவணையின் தலைப்பில் "முதன்மை வேலை" என்று இருக்கிறதா, "எல்லா வேலைகளும்" என்று இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

இன்னொன்று: 2019ஐயும் 2024ஐயும் ஒப்பிடும்போது வயது வரம்பைக் கலந்துவிடுவது வழக்கமான தவறு. 2024ல் செய்திக்குறிப்பு 6 வயதுக்கு மேலும் தந்தது, 15 முதல் 59 வரையும் தந்தது. 6 வயதுக்கு மேல் என்றால் ஈடுபட்ட பெண்களுக்கு 299 என்பது 289 ஆனது, ஆண்களுக்கு 97 என்பது 88 ஆனது. இரண்டு பக்கமும் இறங்கியிருக்கிறது. ஆண்கள் பக்கமும் இறங்கியதைச் சொல்லாமல் "பெண்களின் சுமை குறைந்தது" என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

வரப்போரம்:
விவசாயத்தைப் பற்றி ஒரு பத்தி. "விவசாயி" என்றதும் வேட்டி கட்டிய ஆணைத்தான் படம் போடுகிறார்கள். 2023-24ல் வேலை பார்க்கும் பெண்களில் 64 சதவீதத்துக்குச் சற்று மேல் விவசாயத்தில். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14 சதவீதம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஆனால் கழித்துவிடாதீர்கள். ஒன்று ஆட்களின் சதவீதம், மற்றது நிலவுடைமைகளின் சதவீதம், வகுக்கும் எண் வேறு. "64 பேர் உழைக்க 14 பேருக்கு நிலம்" என்று சுவரொட்டி போட்டவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், கணக்கு அபத்தம்.

தறியோசை:
மூன்றாவது பேச்சு, "ஒத்துவராது". உயர்கல்விக்கான அகில இந்தியக் கணக்கெடுப்பு 2021-22ல் அறிவியல் பிரிவில் சேர்ந்திருந்தவர்கள் 57.2 லட்சம். அதில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். பெண்கள்தான் அதிகம், 52 சதவீதம். எல்லாரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள், பொறியியலில் 2020-21ல் பெண்கள் ஏறக்குறைய 29 சதவீதம்தான். மாணவர்களில் ஒருவருக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும். முதல் எண்ணை மட்டும் காட்டி மாட்டிக்கொள்வதை விட இரண்டையும் நாமே காட்டி, "இயற்பியலும் கணிதமும் ஒத்துவரும் மூளைக்குப் பொறியியல் மட்டும் எப்படி ஒத்துவராமல் போகும்? விடுதி, கட்டணம், வளாக வேலை, வீட்டார் முடிவு இவற்றில் எது?" என்று கேட்பது நல்லது.

விமானிகள் எண்ணும் பயன்படும். இந்தியாவில் பெண் விமானிகள் சுமார் 15 சதவீதம், உலக அளவில் சுமார் 5. இது இந்தியப் பெண்கள் மூன்று மடங்கு திறமைசாலிகள் என்று நிரூபிக்காது. ஒரே விமானம், ஒரே உரிமத் தேர்வு இருந்தும் நாட்டுக்கு நாடு பங்கு இவ்வளவு மாறுகிறது என்றால், காரணம் உடம்பிலோ மூளையிலோ இல்லை, ஆளெடுக்கும் ஏற்பாட்டில் என்பதை நோக்கி அது கை காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை, அதற்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள்.

எடைக்கல்:
தறியோசை சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்வு செய்ததால் இசைக்குழுக்களில் பெண்கள் கூடினார்கள் என்ற 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். கிளாடியா கோல்டினும் சிசிலியா ரௌஸும் எழுதியது. கோல்டின் 2023ல் பொருளாதார நோபல் பெற்றவர். ஆனால் அந்தக் குறிப்பிட்ட கட்டுரையில் சில பிரிவுகளில் ஆட்கள் மிகக் குறைவு, பிழை வரம்பு பெரிது என்ற விமர்சனம் உண்டு. வகுப்பில் அதை இறுதித் தீர்ப்பாகக் காட்டினால் விமர்சனத்தைப் படித்த ஒருவர் போதும். உதாரணமாகச் சொல்லுங்கள், தூணாக நிறுத்தாதீர்கள்.

நிரல்நிரை:
சம்பள வித்தியாசத்தை நான்கு பேச்சில் சேர்க்கவில்லை, ஆனால் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு முன் பெர்க்லி கணக்கைக் காட்டுங்கள். 1973ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுநிலை விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. பெரிய துறைகளில் முதலாவதில் ஆண்கள் 62, பெண்கள் 82. கடைசியில் ஆண்கள் 6, பெண்கள் 7. இடையில் இரண்டு துறைகளில் ஆண்கள் மூன்று, நான்கு புள்ளி முன்னால். பெண்கள் அதிகம் விண்ணப்பித்தது இடம் கிடைக்கவே கடினமான துறைகளுக்கு, அதனால்தான் மொத்தத்தில் பின்தங்கினார்கள்.

இதைப் படித்தவர்கள் உடனே "பார்த்தீர்களா, பிரித்தால் பாகுபாடு காணாமல் போகும்" என்று கிளம்பிவிடுவார்கள். மறுபக்கத்துக்கு ஒரு கற்பனை அலுவலகம் போடுகிறேன். கீழ்நிலைச் சம்பளம் 20,000, மேல்நிலை 50,000. ஆணோ பெண்ணோ, ஒரே நிலையில் ஒரே சம்பளம். கீழே 40 பெண், 20 ஆண். மேலே 10 பெண், 30 ஆண்.

பெண்களின் சராசரி: (40 × 20,000 + 10 × 50,000) ÷ 50 = 26,000.
ஆண்களின் சராசரி: (20 × 20,000 + 30 × 50,000) ÷ 50 = 38,000.

சராசரியில் இடைவெளி கிட்டத்தட்ட 32 சதவீதம். இடைநிலை அளவில், அதாவது சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணில், பெண் 20,000, ஆண் 50,000, இடைவெளி 60 சதவீதம். பதவியைக் "கட்டுப்படுத்தினால்", அதாவது ஒரே பதவியில் உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டால், இடைவெளி பூஜ்யம். மூன்றும் ஒரே சம்பளப் பட்டியலிலிருந்து வந்தவை. பூஜ்யம் என்பது "ஒரே நாற்காலிக்கு ஒரே சம்பளமா" என்ற கேள்விக்குப் பதில். 32 என்பது "நாற்காலி யாருக்குக் கிடைக்கிறது" என்பதையும் சேர்த்துக் கேட்டால் வரும் பதில். பதவி உயர்விலேயே பாகுபாடு இருந்தால், பதவியைக் கட்டுப்படுத்துவது நோயைக் கழித்துவிட்டு உடம்பு நலம் என்று சொல்வது போல. மாதச் சம்பளமா, மணிக்கணக்கா என்பதையும் கேளுங்கள். பி.எல்.எஃப்.எஸ். வேலை நேரத்தையும் பதிவதால் மணிக்கு எவ்வளவு என்று கணக்கிட முடியும்.

ஒருவரி:
நாலாவது பேச்சுக்கு வாங்க. லீவு. எங்க எச்.ஆர். எக்செல்லயே தெரியுது, பெண்கள் லீவு ஜாஸ்தி.

நிரல்நிரை:
அந்த எக்செல்லில் பிரசவ விடுப்பு தனிப் பத்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். மறுபடியும் கற்பனை எண்கள்தான்: 120 ஆண், 80 பெண். எல்லாரும் ஆண்டுக்குத் தலா 9 நாள் விடுப்பு. அந்த ஆண்டில் 2 பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 26 வாரம், வாரம் 5 வேலைநாள் என்றால் தலா 130 நாள். பெண்களின் மொத்தம் 720 + 260 = 980, சராசரி 12.25. ஆண்களின் சராசரி 9. "பெண்கள் 36 சதவீதம் அதிகம் லீவு" என்று அறிக்கை தயார். மீதி 78 பெண்கள் ஒரு நாள்கூட அதிகம் எடுக்கவில்லை. இடைநிலை அளவு இரு பக்கமும் 9தான். முழுச் சம்பளத்தோடு 26 வாரம் என்பது 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்குத்தான், ஒருவரின் மொத்தப் பணிக்காலத்தில் அது இரண்டு முறை வரும் செலவு. அதை ஒரே ஆண்டின் சராசரியில் போட்டு எல்லாப் பெண்கள் தலையிலும் பகிர்ந்துவிடுகிறது எக்செல்.

வேலையை விட்டுப் போவதிலும் இதே கோளாறு. எந்த நிறுவனத்திலும் சேர்ந்த முதல் ஓரிரு ஆண்டில்தான் ஆட்கள் அதிகம் போவார்கள், ஆணானாலும் பெண்ணானாலும். சமீபத்தில்தான் பெண்களை எடுக்கத் தொடங்கிய நிறுவனத்தில் பெண்கள் பெரும்பாலும் புதியவர்கள், ஆண்கள் பழையவர்கள். "ஆண்டில் விலகியோர் சதவீதம்" பெண்களுக்கு அதிகமாகத்தான் வரும். ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களை எடுத்து, 6, 12, 24, 36 மாதத்தில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கோடு வரைந்து ஒப்பிடுங்கள். இன்னும் விலகாதவர்களைக் கணக்கிலிருந்து தூக்காதீர்கள், அவர்கள் "இன்றுவரை இருக்கிறார்" என்ற தகவலைத் தருகிறார்கள்.

மாதிரிக்கூறு:
இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, மறைக்கக்கூடாது. பிள்ளை பிறந்த பின் தாயின் வருமானம் இறங்கி, தந்தையின் வருமானம் அப்படியே இருப்பது பல நாட்டுத் தரவில் தெளிவாகவே தெரிகிறது. டென்மார்க் பதிவேடுகளை வைத்துச் செய்த 2019 ஆய்வில் நீண்ட காலத்திலும் சுமார் 20 சதவீத இழப்பு. எனவே "பிரசவத்தால் பாதிப்பே இல்லை" என்று வாதாடாதீர்கள். பாதிப்பு தாய்க்கு மட்டும் விழுகிறது, தந்தைக்கு ஏன் விழவில்லை என்பதுதான் அந்தக் கோடு எழுப்பும் கேள்வி.

"கல்யாணம் ஆனதும் எல்லாரும் விட்டுடுவாங்க" என்பதைப் பி.எல்.எஃப்.எஸ். வயது அட்டவணையில் சோதிக்கலாம். இந்தியாவில் பெண்களின் பங்கேற்பு இருபதுகளின் தொடக்கத்தில் உச்சம் தொட்டுச் சரிவதில்லை, முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும்தான் உயரமாக நிற்கிறது. ஆனால் 25 வயதுப் பெண்ணும் 45 வயதுப் பெண்ணும் வேறு தலைமுறை. ஒரே ஆண்டின் அட்டவணையில் ஒருவரின் வாழ்க்கையைப் படிக்க முடியாது. "அட்டவணை அந்தப் பேச்சை ஆதரிக்கவில்லை" என்று சொல்லலாம், "பொய் என்று நிரூபித்துவிட்டது" என்று சொல்லாதீர்கள்.

புள்ளிக்கோலம்:
எல்லாருக்கும் நன்றி. 41.7ஐ மாணவர்கள் தாங்களே மூலத் தரவிலிருந்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. முடியுமா?

எடைக்கல்:
முடியும், ஒரு மதியம் ஆகும். புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பெயர் பதிந்தால் இலவசம். 2023-24க்கு 1,01,957 வீடுகள், 4,18,159 ஆட்கள். எக்செல் திணறும், ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியை எடுங்கள்.

முதல் வருகைக் கோப்பை மட்டும் எடுக்கவும். நகர்ப்புற வீடுகளுக்கு மறு வருகைகளும் உண்டு, அவற்றைக் கலந்தால் நகரம் வீங்கிவிடும். பால் குறியீடு 2, வயது 15 அல்லது மேல் என்று வடிகட்டுங்கள். முதன்மை நிலை 11 முதல் 51 வரை என்றால் தொழிலாளர். முதன்மை நிலை 81 அல்லது அதற்கு மேல் இருந்து, துணை நிலையில் 11 முதல் 51 வரை ஏதாவது இருந்தால் அவரும் தொழிலாளர். முதன்மை நிலை 81, துணை வேலை இல்லை என்றால் வேலையற்றவர். இந்த மூன்று கூட்டத்தின் எடைகளை (மாதிரியில் உள்ள ஒருவர் நாட்டில் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்ற எண்) கூட்டி, எல்லாப் பெண்களின் எடைக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

எடையில்தான் முக்கால்வாசிப் பேர் விழுவார்கள். கோப்பில் உள்ள பெருக்கியை அப்படியே போடக்கூடாது. என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் பெருக்கியை 100ஆல் வகுக்கவும், இல்லையென்றால் 200ஆல். பிறகு காலாண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆண்டு எடை. எடையே போடாமல் வெறும் தலைகளை எண்ணினால் வருவது மாதிரியின் சதவீதம், நாட்டின் சதவீதம் இல்லை. 41.7க்கு அருகில் வரவில்லை என்றால் முதலில் துணை நிலையை விட்டீர்களா என்று பாருங்கள், அடுத்து எடை.

வந்த பிறகு ஆசை பிடித்து "எங்கள் மாவட்டம், பட்டதாரி, 25 முதல் 29" என்று இறங்க வேண்டாம். பத்து, பதினைந்து பேர்தான் மிஞ்சுவார்கள், இரண்டு பேர் மாறினால் சதவீதம் குதிக்கும். 2025 ஜனவரியிலிருந்து மாதிரி வடிவத்தையே மாற்றி மாவட்டத்தை அடிப்படை அலகாக்கி, வீடுகளையும் சுமார் 2.72 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். மாத அறிக்கைகள் நடப்பு வார நிலையில் வருகின்றன. அவற்றை 41.7க்குப் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று எழுதுவதுதான் இப்போதைய பெரிய தவறு.

தறியோசை:
வேலையின்மை விகிதத்தையும் தொடாதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டோம். 2023-24ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 3.2 சதவீதம். "சமத்துவம் வந்துவிட்டது" என்று யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் வகுக்கும் எண் வேலை பார்ப்பவரும் தேடுபவரும் மட்டும்தான். தேடுவதையே விட்டவர் அந்தக் கணக்கில் இல்லை.

புள்ளிக்கோலம்:
முதல் பலகையை இப்படி எழுதியிருக்கிறேன், சரிபார்க்கவும்: "இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட 100 பெண்களில் 42 பேர் வேலைக்குப் போகிறார்கள் (பி.எல்.எஃப்.எஸ். 2023-24, வழக்கமான நிலை)."

நூல்கண்டு:
இரண்டு இடம். 42 என்பதில் வேலை தேடுபவர்களும் சேர்த்தி. வேலை பார்ப்பவர்கள் மட்டும் என்றால் 40.3, அதாவது 100க்கு 40. அடுத்து "வேலைக்குப் போகிறார்கள்" என்பதை அடியுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சொந்தக் குடும்பத் தொழிலிலேயே, பலரும் சொந்த வீட்டுத் தொழுவத்திலும் வயலிலும். அவர்கள் எங்கேயும் "போவதில்லை". "வேலை செய்கிறார்கள்" என்று எழுதுங்கள்.

புள்ளிக்கோலம்:
மாற்றிவிட்டேன். 40, வேலை செய்கிறார்கள்.